எங்கே வலிக்கிறது, கண்ணே?

திங்கட்கிழமை காலை எட்டு மணி. அடுப்பிலே குக்கர் மூன்றாவது விசில் அடித்து ஓய்ந்துவிட்டது. டிபன் டப்பாவில் எலுமிச்சஞ்சாதம் தயார். வாசலுக்குப் பள்ளிக்கூட வேன் வர இன்னும் பத்தே நிமிஷம். அந்தச் சமயம் பார்த்துப் படுக்கையறையிலிருந்து தீனமான குரல் ஒன்று கிளம்புகிறது: "அம்மா! வயித்தை வலிக்குதும்மா!"

இந்தக் குரலைக் கேட்காத வீடு எது?

என் அக்காவின் பெண்ணுக்குப் பத்து வயது. ஒரு சமயம், வாரத்தில் மூன்று நாளாவது இந்தக் குரல் அக்கா வீட்டில் எழுந்துகொண்டிருந்தது. முதலில் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டார்கள். அக்காவின் மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். கடைசியாக டாக்டர். ரத்தம், சிறுநீர், மலம் ஒன்று பாக்கியில்லாமல் பரிசோதனை ஆயிற்று. ஸ்கானும் எடுத்தார்கள். "பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார் டாக்டர்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வலியைத் தவிர! மூன்று மாதம், நான்கு மாதம் என்று அது நீண்டுகொண்டே போயிற்று. வீட்டில் ஒரு தீர்ப்பும் தயாராகிவிட்டது: பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கக் குழந்தை செய்யும் தந்திரம்! அந்தத் தீர்ப்பைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. "எல்லாம் நடிப்பு, அக்கா! இரண்டு நாள் கவனிக்காமல் விட்டுப் பார்" என்று பெரிய மேதாவி போல் சொன்னேன். கதவுக்குப் பின்னால் குழந்தை நின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

அன்று மாலை அவள் மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொன்னாரே, சித்தி! அப்போ எனக்கு வலிக்கிறதே, அது என்னது?" என்று கேட்டாள்.

காலேஜில் படித்த படிப்பும் பத்திரிகையில் எழுதிய எழுத்தும் அப்போது எனக்குக் கை கொடுக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்டேன். தேடிய இடங்களில் கிடைத்ததைத்தான் இங்கே நேயர்கள் முன் வைக்கிறேன்.

தெர்மாமீட்டர் இல்லாத உபாதை

ஜுரம் வந்தால் அளந்து பார்க்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி இருக்கிறது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக் கொடுத்துவிடும். வலிக்கு மட்டும் அப்படி ஒரு கருவி இன்றைக்கும் கிடையாது. அனுபவிக்கிறவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. பெரியவர்களுக்காவது சொல்லத் தெரியும். குத்துகிறது, குடைகிறது, பிசைகிறது, சுரீர் என்கிறது, விண் விண் என்று தெறிக்கிறது என்று நம்மிடம் எத்தனை வார்த்தைகள்! குழந்தைக்கு இருப்பது ஒரே வார்த்தை: "வலிக்குது." கைக்குழந்தைக்கு அதுவும் இல்லை.

வாய் இல்லாதவருக்கு வலியே இல்லை என்று உலகம் எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறது, பாருங்கள். 1980களின் நடுப்பகுதி வரையில் மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட, பிறந்த குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும்போது வலி தெரியாமலிருக்கும் மருந்தை மிகக் குறைவாகக் கொடுப்பதும், சில சமயம் கொடுக்காமலே விடுவதும் வழக்கமாக இருந்தது. பச்சிளங்குழந்தையின் நரம்புகள் முதிரவில்லை, அதற்கு வலி தெரியாது என்பது அன்றைய எண்ணம். மருந்தைத் தாங்காது என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

இந்த எண்ணத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர் நம் நாட்டில், இந்தூரில், வைத்தியம் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டுக்கு ஆராய்ச்சிக்குப் போன டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். குறைமாதக் குழந்தைகளுக்கு நடந்த ஆபரேஷன்களின்போது அவர் ரத்தத்தைப் பரிசோதித்தார். ஆபத்துக் காலத்தில் உடம்பில் பொங்கும் ஹார்மோன்கள் அந்தச் சின்னஞ்சிறு உடம்புகளிலும் பொங்கின. வலி தெரியாமலிருக்க நல்ல மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கோ அந்தப் பொங்கல் குறைந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த சிக்கல்களும் குறைந்தன. 1987ல் இவை வெளியானபோது வைத்திய உலகம் தலை குனிந்தது. வாய் பேசாத குழந்தைக்காக ரத்தம் பேசிவிட்டது!

பொம்மை முகங்கள்

ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? குழந்தையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி வேண்டாமா? இந்தக் கவலை முதலில் யாருக்கு வந்தது தெரியுமா? கட்டிலண்டை இரவும் பகலும் நின்ற நர்ஸுகளுக்கு.

1979ல் நான்ஸி ஹெஸ்டர் என்ற அமெரிக்க நர்ஸ் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் சிவப்பு வில்லைகளில் நான்கை எடுத்துக்கொண்டார். "இவை வலித் துண்டுகள். ஒன்று என்றால் கொஞ்சம் வலி. நான்கும் என்றால் இருக்கிற வலியிலேயே பெரிய வலி. உன்னிடம் இப்போது எத்தனை துண்டு இருக்கிறது?" என்று குழந்தைகளைக் கேட்டார். எண்ணத் தெரிந்த குழந்தைகள் உடனே எடுத்துக் காட்டின.

1981ல் ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகர ஆஸ்பத்திரி ஒன்றில், தீப்பட்ட குழந்தைகளைக் கவனித்துவந்தார்கள் டோனா வாங், கானி பேக்கர் என்ற இரண்டு பெண்மணிகள். குழந்தைகளிடம் வெறும் வட்டங்களைக் கொடுத்து, வலி இல்லாத முகத்திலிருந்து ரொம்ப வலிக்கிற முகம் வரையில் வரையச் சொன்னார்கள். அந்தக் கிறுக்கல்களிலிருந்து பிறந்தவைதான் இன்று உலகமெங்கும் ஆஸ்பத்திரிச் சுவர்களில் தொங்கும் ஆறு பொம்மை முகங்கள். முதல் முகம் சிரிக்கும். கடைசி முகம் கண்ணீர் விடும்.

இதிலும் ஒரு சங்கடம் முளைத்தது. 'நான் அழவில்லையே!' என்று நினைக்கும் வீரப்பிள்ளை, வலி உயிர் போனாலும் கண்ணீர் முகத்தைத் தொடமாட்டான். அம்மாவைப் பிரிந்த துக்கத்தில் இருக்கும் குழந்தை, வலி குறைவாக இருந்தாலும் அழும் முகத்தையே காட்டும். வலி வேறு, துக்கம் வேறு அல்லவா? ஆகவே சிரிப்பும் கண்ணீரும் இல்லாத முக வரிசை ஒன்று ஆஸ்திரேலியாவில் உருவாகி 1990ல் வெளிவந்தது. அதையே திருத்தி 2001ல் ஆறு முகங்களாக்கினார்கள். அங்கே முதல் முகம் சும்மா இருக்கும். போகப் போகப் புருவம் நெரியும், கண் இடுங்கும், வாய் கோணும்.

பேசத் தெரியாத குழந்தைகளுக்கு மிச்சிகன் சர்வகலாசாலையில் இன்னொரு வழி செய்து 1997ல் வெளியிட்டார்கள். முகம், கால், அசைவு, அழுகை, சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க் போடுவார்கள். நம் பாட்டிமார் குழந்தை காலை மடக்கி மடக்கி உதைப்பதைப் பார்த்தே "வயிற்று வலி" என்று கண்டுபிடித்தார்களே, அந்தக் கண்ணுக்கு விஞ்ஞானம் போட்ட கணக்கு இது.

பிரிஸ்டல் நகரத்து வயிற்று வலி

ஊசி குத்திய வலி, ஆபரேஷன் வலி இவற்றுக்கு இந்த முகங்கள் போதும். ஆனால் மாதக் கணக்கில் வந்து வந்து போகும் வலிக்கு? மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். "இப்போது எவ்வளவு?" என்று ஒரு நிமிஷத்து வலியைக் கேட்டால், அந்தக் குழந்தையின் கதை முழுதும் தெரிந்துவிடாது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக் குழந்தை வைத்தியர் ஜான் ஆப்லி, டாக்டர் நோரா நெயிஷுடன் சேர்ந்து 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்து, 1958ல் முடிவுகளை வெளியிட்டார். குறைந்தது மூன்று மாத காலத்தில் மூன்று தடவையாவது, விளையாட்டையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்கு வலித்தால்தான் கணக்கில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டார். அப்படியும் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் தேறினார்கள்! அவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றிலே காட்டக்கூடிய கோளாறு ஒன்றும் அகப்படவில்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தலைவலி, கைகால் வலியும் சேர்ந்தே வருவதையும் ஆப்லி கவனித்தார்.

இது ஏதோ ஒரு நகரத்துச் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2024ல் வெளியான கணக்கின்படி, ஏறக்குறைய ஐந்து குழந்தைகளில் ஒருவருக்கு ஏதோ ஒரு நாட்பட்ட வலி இருக்கிறது. தலைவலியோ, வயிற்று வலியோ, முதுகு வலியோ, மூட்டு வலியோ!

நாஷ்வில் நகரத்து ஜாபிதா

ஆப்லி கண்ட அந்தக் 'கூட வரும்' உபாதைகளை ஒழுங்காக எண்ணிப் பார்த்தால் என்ன? அமெரிக்காவில் டென்னஸி மாகாணம், நாஷ்வில் நகரம். அங்கே வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் மனோதத்துவ நிபுணர்களான ஜூடி கார்பரும் லின் வாக்கரும் தம் சகாக்களோடு 1991ல் ஒரு ஜாபிதாவை வெளியிட்டார்கள். அதில் 35 உபாதைகள் இருந்தன. குழந்தைகளிடம் அபூர்வமாகவே காண்பவற்றையும் கணக்குக்கு ஒட்டாதவற்றையும் கழித்து, 2009ல் அதை 24 ஆகச் சுருக்கினார்கள்.

என்னென்ன கேட்கிறார்கள்? தலைவலி, தலை சுற்றல், நெஞ்சு வலி, சோர்வு, இடுப்பு வலி, மூச்சு முட்டல், உடம்பு திடீரென்று சுடுவது அல்லது குளிர்வது, மரத்துப்போதல், குமட்டல், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், இருதயம் படபடவென்று அடித்துக்கொள்வது, கைகால் கனத்துப்போவது, முழங்கால் முழங்கை வலி... இப்படிப் போகிறது வரிசை. ஒவ்வொன்றும் கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு தொந்தரவு கொடுத்தது என்று குழந்தை சொல்ல வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0. கொஞ்சம் என்றால் 1. ஓரளவு 2, நிறைய 3, மிக மிக நிறைய என்றால் 4. கூட்டினால் 0 முதல் 96 வரையில் ஓர் எண் கிடைக்கும்.

அம்மாவுக்கும் தனியாக ஒரு தாள் உண்டு. அம்மா சொல்லும் கணக்கும் குழந்தை சொல்லும் கணக்கும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. தாய் அறியாத சூல் உண்டா என்பார்கள். ஆனால் தாய் அறியாத படபடப்பு உண்டு!

இதை நான் கண்ணாலேயே பார்த்தேன். அக்கா பிற்பாடு பெண்ணை அழைத்துப் போன குழந்தை வைத்தியர் ஓர் அம்மாள். அவர் இதே மாதிரிக் கேள்விகளை ஒரு தாளில் வைத்திருந்தார். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தாளையும் பென்சிலையும் குழந்தை கையில் கொடுத்தார். வயிற்று வலிக்கு 3 போட்டாள். அது நாங்கள் எதிர்பார்த்ததே. குமட்டலுக்கு 3. சோர்வுக்கு 4. தலைவலிக்கு 2. நெஞ்சு படபடப்புக்கு 3. அக்கா திகைத்துப்போய், "ஏண்டி, இதெல்லாம் நீ சொல்லவே இல்லையே!" என்றாள். குழந்தை நிமிர்ந்து பார்த்து, "நீங்க வயித்தை மட்டும்தானே கேட்டீங்க?" என்றாள்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு

'வயிற்று வலிக்கு வந்தவளிடம் தலைவலியைப் பற்றி என்ன கேள்வி?' என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. இதற்கு 2014ல் ஒரு பதில் கிடைத்தது.

சின்ன வயதில் காரணம் தெரியாத வயிற்று வலிக்காக வாண்டர்பில்ட்டுக்கு வந்த 392 பேரைச் சராசரி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தேடிப் பிடித்து விசாரித்தார்கள். அவர்களில் 100க்கு 41 பேருக்கு வயிற்றுத் தொந்தரவு அப்போதும் இருந்தது. எந்தக் குழந்தைக்குத் தொடரும், எந்தக் குழந்தைக்கு நின்றுவிடும் என்று முதலிலேயே சொல்லியிருக்க முடியுமா? பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தார்கள். முதல் நாள் வயிறு எவ்வளவு கடுமையாக வலித்தது என்பது எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை! வயிற்றுக்கு வெளியே எத்தனை உபாதைகள் இருந்தன, மனம் எவ்வளவு வாடியிருந்தது என்ற இரண்டும்தான் சொல்லின.

அதாவது, "ஐயோ!" என்று பெரிதாகக் கத்தும் குழந்தையைவிட, தலை, நெஞ்சு, கை, கால் என்று பல இடத்தில் சின்னச் சின்னதாகப் படும் குழந்தையைத்தான் அதிகச் சிரத்தையோடு கவனிக்க வேண்டியிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பினால் இது எப்படித் தெரியும்?

பெயர் மாறிய கதை

இந்த ஜாபிதாவுக்கு முதலில் வைத்த பெயரில் ஒரு முள் இருந்தது. வயது வந்தோருக்கான மனநோய் வைத்திய நூலில் கண்ட இலக்கணத்தைத் தழுவி இதைச் செய்ததால், 'ஸோமடைசேஷன்' என்ற வார்த்தையைப் பெயரில் சேர்த்துவிட்டார்கள். மனத்தின் சங்கடம் உடம்பின் புகாராக வெளிவருகிறது என்பது அதன் தாத்பரியம். பெயரைப் படித்ததுமே, 'ஓகோ, எல்லாம் மனப்பிரமை' என்று யாரும் முடிவு கட்டிவிடலாம் அல்லவா?

ஆனால் குமட்டலும் சோர்வும் உடம்பு நோயிலும் வரும், மருந்தினாலும் வரும், நாட்பட்ட வலியோடும் வரும். ஜாபிதா எண்ணிச் சொல்கிறதே தவிர, காரணம் சொல்வதில்லை. எனவே பெயரை மாற்றினார்கள். 2019ல் வெளியான கட்டுரையில் 'குழந்தைகளின் உடல் உபாதைகள்' என்ற பொருள்படும் புதுப் பெயர் காணப்படுகிறது. அளவுகோல் அதே அளவுகோல்தான். குழந்தையைச் சந்தேகிக்கும் வார்த்தை மட்டும் போய்விட்டது.

வலியைப் பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கமும் 2020ல் வலிக்குத் தான் கொடுத்திருந்த விளக்கத்தைத் திருத்தியது. எனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று அதன் குறிப்பில் ஒரு வாசகம் சேர்த்தார்கள். வாய் பேச முடியாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்றும் அங்கே இருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்ற குழந்தையை நினைத்துக்கொண்டேன்.

திருடன் போன பிறகும் குரைக்கும் நாய்

சரி, கோளாறே இல்லாமல் எப்படி வலிக்கும்?

1965ல் ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்ற இருவர் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். உடம்பிலிருந்து புறப்படும் வலிச் செய்தி டெலிபோன் மணி போல நேரே மூளையில் போய் ஒலிப்பதில்லை. தண்டுவடத்தில் அதற்கு ஒரு வாசற்கதவு உண்டு. அந்தக் கதவு சில சமயம் அகலத் திறக்கும், சில சமயம் ஒருக்களித்து நிற்கும். பயம், கவலை, கவனம் இவையெல்லாம் மூளையிலிருந்து இறங்கி வந்து அந்தக் கதவை ஆட்டிவைக்கும். நுட்பங்கள் பல பிற்பாடு மாறினாலும், வலியை மூளையும் சேர்ந்தே உண்டாக்குகிறது என்ற மூலக் கருத்து நிலைத்துவிட்டது.

வீட்டுக்கு ஒரு நாய் வளர்க்கிறோம். திருடன் வந்தால் குரைக்கிறது, நல்லது. திருடன் போன பிறகும், இலை அசைந்தால்கூட, இரவெல்லாம் குரைத்துக்கொண்டேயிருந்தால்? தோட்டம் முழுக்கத் தேடியும் திருடன் அகப்படமாட்டான். அதனால் நாய் குரைக்கவில்லை என்று சொல்ல முடியுமா? நாட்பட்ட வலி பல குழந்தைகளுக்கு அப்படிப்பட்ட குரைப்புத்தான். வலி மெய். திருடன்தான் இல்லை.

தண்ணீர் குடித்த குழந்தைகள்

இங்கே தாய்மார்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். லின் வாக்கர் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

வயிற்று வலிக் குழந்தைகளையும் ஆரோக்கியமான குழந்தைகளையும் அழைத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வயிறு கனத்து அசௌகரியமாக இருக்கும் அந்தச் சமயத்தில் பெற்றோரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சிலர் "எப்படி இருக்கு கண்ணே? வலிக்கிறதா?" என்று வயிற்றைப் பற்றியே அனுதாபத்தோடு விசாரித்தார்கள். சிலர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். சிலர் வழக்கம்போல் இருந்தார்கள். முதல் வகையில் குழந்தைகளின் முறையீடு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. பேச்சைத் திருப்பிய இடத்தில் பாதியாகக் குறைந்தது.

வேடிக்கை இதற்கு மேல்தான். பேச்சைத் திருப்பிய பெற்றோர் தங்களுக்கு இதமாக இருந்ததாகக் குழந்தைகளே சொன்னார்கள். வலிக் குழந்தைகளைப் பெற்றவர்களோ, பேச்சைத் திருப்பினால் குழந்தைக்குக் கெடுதலாகும் என்று பயந்தார்கள்! அன்பு மிகுதியால் நாம் கேட்கும் கேள்வியே நாயைச் சீண்டிவிடுகிறது போலும்.

அப்படியானால் நான் சொன்னது சரிதானே, கவனிக்காமல் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை. "நீ பொய் சொல்கிறாய்" என்பது வேறு. "உனக்கு வலிக்கிறது, எனக்குத் தெரியும். வா, ஒரு பல்லாங்குழி ஆடலாம்" என்பது வேறு.

வலி பறித்துக்கொண்டது என்ன?

ஆகவே இப்போதெல்லாம் வலியின் அளவோடு இன்னொன்றையும் அளக்கிறார்கள்: வலி குழந்தையிடமிருந்து எதைப் பறித்துக்கொண்டது? இதற்கும் 1991லேயே லின் வாக்கர் 15 கேள்விகள் தயாரித்திருக்கிறார். மாடிப்படி ஏற முடிகிறதா? பள்ளிக்கூடத்தில் நாள் முழுதும் இருக்க முடிகிறதா? சிநேகிதியோடு விளையாட முடிகிறதா? வேளைக்குச் சாப்பிட முடிகிறதா? இரவு தூங்க முடிகிறதா? மொத்தம் 60. 12 வரை என்றால் பாதகமில்லை. 13 முதல் 29 வரை நடுத்தரம். 30க்கு மேல் போனால் குழந்தையின் வாழ்க்கையே முடங்கிக் கிடக்கிறது என்று பொருள்.

சிகிச்சையில் பெரும்பாலும் முதலில் இறங்குவது இந்த எண்தான். வலியின் எண் பிறகுதான் மெல்ல இறங்கும். வலி முழுதும் போகட்டும், அப்புறம் பள்ளிக்கூடம் என்று காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. அரை நாள், முக்கால் நாள், முழு நாள் என்று பள்ளிக்குத் திரும்ப வேண்டும். ஒழுங்கான தூக்கம், ஓட்டம், விளையாட்டு, பயத்தைப் பழக்க உதவும் மனப்பயிற்சி, தேவையானால் டாக்டர் தரும் மருந்து எல்லாம் கைகோத்து வர வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியும் உடற்பயிற்சி, மனோதத்துவ சிகிச்சை, மருந்து என்ற மூன்றையும் பற்றித்தான் பேசுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை! திருடன் உண்மையிலேயே வந்திருக்கிறானா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எடை குறைதல், வளர்ச்சி தடைப்படுதல், மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காரணம் தெரியாத ஜுரம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளை விட்டு விலகி ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் வலி, மூட்டு வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் ஜாபிதா, முகம், வில்லை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்

அந்த வைத்திய அம்மாள் சொன்னபடி அக்கா வீட்டில் ஒரு ஏற்பாடு நடந்தது. நாள் முழுதும் "வலிக்கிறதா?" என்று யாரும் கேட்கக் கூடாது, பாட்டி உள்பட! இரவு படுக்கப் போகும்முன் ஐந்து நிமிஷம். குழந்தையே ஒரு சின்ன நோட்டில் இரண்டு எண் எழுதுவாள். ஒன்று வலிக்கு. மற்றொன்று, இன்று என்னென்ன செய்தேன் என்பதற்கு. இரண்டாவது எண்ணைப் பற்றித்தான் பேச்சு வளர வேண்டும்.

முதல் மாதம் பெரிய மாறுதல் இல்லை. பாட்டிதான் வாயைக் கட்டுப்படுத்த முடியாமல் தவித்தார். இரண்டாவது மாதம் இரண்டாவது எண் ஏறிற்று. ஸ்கிப்பிங் கயிறு பரணிலிருந்து இறங்கிற்று. வலி எண் அப்போதும் 2லும் 3லும் ஊசலாடிக்கொண்டிருந்தது. இப்போது பல நாட்கள் 0. சில நாட்கள் 2. அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். திங்கட்கிழமைகளில் இன்னும் அந்தக் குரல் கேட்பதுண்டு. ஆனால் வேன் அவளை விட்டுவிட்டுப் போவதில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆபீஸில் ஓயாத வேலை. தலை வெடித்துவிடும் போலிருந்தது. கூடத்துச் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"தலைவலியா, சித்தி? 0லேர்ந்து 4க்குள்ளே எவ்வளவு?"

"மூணு" என்றேன்.

அவள் ஏன், எதனால் என்று கேட்கவில்லை. நிஜமாகவா என்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வந்தாள்.